இசக்கிமுத்து திருப்பித் தந்த லைன்

போனில் இசக்கிமுத்து என்று பெயர் வந்தது. எடுத்தால் ஒரு பெண் குரல்.

"எக்கா, சப் ஸ்டேஷன் எக்காதானே? நான் அவிய சம்சாரம் பேச்சியம்மா பேசுதேன். அவிய உங்ககிட்ட பேசியே ஆகணும்னு நிக்காவ. லைன்லயே இருங்கக்கா, வச்சிராதீங்க."

பின்னால் ஒரே இரைச்சல். "கையை ஆட்டாதீங்கய்யா, குளுக்கோஸ் லைன் போட்டிருக்குல்லா?" என்று ஒரு நர்ஸ் அதட்டுவது கேட்டது. ஏதோ சக்கரம் தரையில் கிறீச்சிட்டது.

மணி ஒன்றரை இருக்கும். சித்திரை மாதம். என் முன்னால் ஆள் உயரத்துக்குச் சாம்பல் நிறப் பேனல்கள் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்றின் கைப்பிடியில், 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்று எழுதிய சிவப்புத் தகரம் தொங்கியது. தலைக்கு மேலே ஃபேன் ஓடியது. அது வேறு லைன்.

அப்போது நான் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சப் ஸ்டேஷனில் ஆபரேட்டர். இசக்கிமுத்து அந்தப் பகுதியின் லைன் இன்ஸ்பெக்டர். அன்று காலை ஒரு லைனில் கரண்டை நிறுத்தச் சொல்லி வாங்கியவர் அவர். வேலை முடிந்ததும் அதைத் திருப்பித் தர வேண்டியவரும் அவரே. இப்போது நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்.

இதைச் சொல்லிக்கொண்டே போகலாம்தான். அதற்கு முன்னால் ஒரு கண்டனத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பால் கடையில் ஒரு கண்டனம்

போன வாரம் தச்சநல்லூர் பால் கடையில் என்னை ஒருவர் மறித்தார். தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் எழுதும் இந்தத் தொடரை விடாமல் படிக்கிறாராம்.

"நல்லாத்தான் எழுதுதிய. ஆனா பக்கத்துக்குப் பத்து லைன் வருதே, அதுக்கு ஒரு தமிழ்ச் சொல்லு ஆம்புடலியா உங்களுக்கு?"

"என்ன போடலாம், நீங்களே சொல்லுங்க சார்."

"கம்பின்னு போடுங்க."

"அப்ப லைன் பஸ்ஸை?"

"அது தடம்."

"ரேஷன் கடையில லைன்ல நிக்கிறதை?"

"வரிசை. இதென்ன கேள்வி? இடத்துக்குத் தக்கனதான் போடணும்."

சங்கடமே அதுதான். இடத்துக்குத் தக்கபடி போட்டால் எனக்கு ஒரு டஜன் சொல் வேண்டும். இது ஒன்று மட்டும் எல்லா இடத்துக்கும் வந்து நிற்கிறது. கூப்பிட்ட வேலைக்கெல்லாம் வருகிற ஆளை யார்தான் விடுவார்கள்? வாத்தியார் பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, "என்னமோ எழுதுங்க" என்று போய்விட்டார். சம்மதமா சாபமா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மகளுடைய தடித்த ஆங்கில அகராதியை எடுத்துப் பார்த்தேன். இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் பத்தி பத்தியாகப் பொருள் போட்டிருந்தது. தூண்டில் நரம்பும் லைன்தான், முகத்துச் சுருக்கமும் லைன்தான், நடிகர் பேசுகிற வசனமும் லைன்தான். ஆனால் நம் ஊர் லைன் பஸ் அதில் இல்லை. லைன் வீடு இல்லை. லைன் அடிப்பது இல்லவே இல்லை. வெள்ளைக்காரனிடம் வாங்கியது கொஞ்சம்தான், மீதியெல்லாம் நாமாக ஒட்டுப்போட்டுக்கொண்டது.

அப்பா எந்த லைன்?

நான் முதலில் அறிந்த லைன் அப்பாவுடையது. அப்பா ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு லைன் பார்த்தார். அதாவது, டீத்தூளும் ஊதுபத்தியும் ஏற்றிய வேனில் ஊர் ஊராகப் போய்ச் சின்னக் கடைகளுக்குச் சரக்குப் போடும் வேலை. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு லைன். திங்கள் சங்கரன்கோவில், செவ்வாய் உடன்குடி, புதன் அம்பாசமுத்திரம்.

வெகு காலம் வரை லைன் என்றால் அப்பா வீட்டில் இல்லாத நாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அன்றைய லைனை வைத்தே சமையலைத் தீர்மானிப்பாள். "இன்னைக்கு உங்கப்பா எந்த லைனு? உடன்குடின்னா கருப்பட்டி வரும், சீனி வாங்காண்டாம்" என்பாள். சங்கரன்கோவில் லைன் அன்று ஒன்றும் வராது. அப்பா மட்டும் வருவார், தலைவலியோடு.

பிறகு ஒரு முதலாளி மாற்றத்தில் அப்பாவின் லைனை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு அவரைக் கடைக் கல்லாவில் உட்கார வைத்தார்கள். சம்பளம் கூடியது. ஆனால் மதியமும் வீட்டுக்குச் சாப்பிட வந்து, ரசத்தில் உப்பு, பொரியலில் காரம் என்று குற்றம் சொல்ல ஆரம்பித்தார். அம்மா ஒரு மாதம் பொறுத்தாள். "ஏங்க, மொதலாளி கால்ல விழுந்தாவது அந்த லைனை மறுபடி வாங்கிருங்க" என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

எங்கள் குடியிருப்பு வளவு. ஒரே வாசல், உள்ளே இருபுறமும் வீடுகள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மில் தொழிலாளிகளுக்காக அதே மாதிரி கட்டியதற்கு லைன் வீடு என்று பெயர். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் ஒன்றுமில்லை. வளவில் இருப்பவர்கள் லைன் வீட்டுக்காரர்களைக் கொஞ்சம் மட்டமாகப் பேசுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். என் அக்காவை லைன் வீட்டு மாப்பிள்ளைக்குக் கொடுத்த பிறகு அந்தப் பேச்சும் நின்றது.

பாலிடெக்னிக் படித்த காலத்தில் பஸ் ஸ்டாப்பில் எதிர்ப்பக்கம் ஒருவன் தினமும் நிற்பான். "ஒன்னத்தாம்ட்டி லைன் அடிக்கான்" என்று தோழிகள் உசுப்பேற்றினார்கள். நானும் இரண்டு நல்ல தாவணிகளை மாற்றி மாற்றிக் கட்டினேன். பரீட்சை நெருங்கும்போதுதான் தெரிந்தது, அவன் தூத்துக்குடி பஸ்ஸுக்கு நிற்கிறான். எங்கள் பக்கத்தில் இருந்த மணிக்கூண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மின்சாரத் துறையில் வேலை கிடைத்தபோது மாமா வந்து முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார். "பொம்பளப் பிள்ளைக்கு இந்த லைன் எதுக்கு? டீச்சர் லைன்ல விடப்படாதா?" என்றார். அப்பா, "அவளுக்குப் பிடிச்ச லைன்ல போட்டும்வே" என்று முடித்துவிட்டார். அவருக்கு அந்தச் சொல் மேல் தனி மரியாதை உண்டு.

வாங்குவதும் திருப்புவதும்

எங்கள் வேலையில் லைன் என்றால் உயிர் போகிற சமாச்சாரம். அதனால் அதற்கு மட்டும் கறாரான வழக்கம் ஒன்று உண்டு.

கம்பத்தில் ஏறி வேலை பார்க்கப் போகிறவர் முதலில் சப் ஸ்டேஷனுக்குப் போன் செய்து லைன் கிளியர் கேட்பார். சுருக்கமாக எல்.சி. ஆபரேட்டர் அந்த லைனில் கரண்டை நிறுத்தி, பூட்டி, சிவப்புத் தகரத்தை மாட்டிவிட்டு ஒரு நம்பர் தருவார். கேட்டவர் அந்த நம்பரைத் திருப்பிச் சொல்வார். அந்த நிமிஷத்திலிருந்து அந்த லைன் அவருடையது. கலெக்டரே வந்து சொன்னாலும் அவர் திருப்பித் தராமல் கரண்ட் போடக் கூடாது.

வேலை முடிந்ததும் வாங்கிய அதே ஆள், அதே குரலில் கூப்பிட வேண்டும். நம்பரைச் சொல்லி, "ஆளுக எல்லாம் எறங்கியாச்சு, எர்த் எடுத்தாச்சு, லைன் கிளியர்" என்று சொல்ல வேண்டும். எர்த் என்பது, தப்பித்தவறிக் கரண்ட் வந்தாலும் மண்ணுக்குப் போய்விடும்படி வேலை நேரத்தில் கம்பியில் மாட்டிவைக்கிற ஒயர். ஆபரேட்டர் "வாங்கிக்கிட்டேன்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் கைப்பிடியைத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி.

வாங்கியவரால் திருப்ப முடியாமல் போனால் அதிகாரி நேரில் வந்து அந்த லைன் முழுக்க நடந்து பார்த்து, அவர் பொறுப்பில் திருப்ப வேண்டும். அப்படி நடப்பது அபூர்வம்.

ஆகவே ஆபரேட்டருக்குக் காதுதான் முக்கியம். இசக்கிமுத்து அண்ணாச்சியோடு வருஷக்கணக்கில் அநேகமாக தினமும் பேசியிருக்கிறேன். நேரில் பார்த்ததைக் கை விரலில் எண்ணிவிடலாம். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்குப் பின்னால் ஒருவர் செருமினார். திரும்பிப் பார்க்காமலே, "அண்ணாச்சி, எப்ப வந்திய?" என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மேடத்துக்கு என் தொண்டைதான் அடையாளம்" என்று இலை போட்டவர்கள் எல்லோரிடமும் சொன்னார்.

கறாரான மனிதர். நம்பரை இரண்டு தடவை சொல்வார். "எல்லாரும் எறங்கியாச்சா?" என்று நான் கேட்டால், "எறங்குனத நான் பாத்தேன் மேடம்" என்பார். யாரோ சொன்னதை வைத்து ஒரு நாளும் பேச மாட்டார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

அன்று மாதாந்திரப் பராமரிப்பு நாள். இரண்டு மணி வரை கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். இசக்கிமுத்து ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். லைன் வயல்களையும் வாழைத் தோட்டங்களையும் தாண்டி, வாய்க்காலைக் கடந்து மலையடிவாரம் வரை போகும்.

ஐவரில் ஒருவர் அந்தோணி. ஒப்பந்தத் தொழிலாளி. உவரிப் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம். அப்பாவோடும் சித்தப்பாவோடும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு கரை ஏறிக் கம்பத்தில் ஏறினார். படகில் நின்று பழகிய கால், எவ்வளவு உயரத்திலும் அசையாது என்று இசக்கிமுத்து அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். அதனாலேயே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கடைசிக் கம்பங்களில் கம்பியைத் தாங்குகிற பீங்கான்களை மாற்ற அவரைத் தனியாக அனுப்பியிருந்தார்.

உச்சி வெயிலில் இசக்கிமுத்து வரப்பில் உட்கார்ந்தார். வியர்த்துக் கொட்டியது. இடது கை மரத்துப்போகிறது என்றார். பக்கத்தில் வேலை பார்த்த நால்வரும் பதறி இறங்கி ஓடிவந்து, அவரை வேனில் தூக்கிப்போட்டு அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். ஒருவர் போயிருந்தால் போதும். நான்கு பேருமே போனார்கள். அவர் மேல் அவ்வளவு பிரியம்.

அங்கிருந்துதான் அவர்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார்.

"மேடம், அண்ணாச்சிக்கு நெஞ்சுவலி. நாங்க எல்லாரும் எறங்கியாச்சு. லைனைப் போட்டிருங்க."

"அந்தோணி?"

"அவன் சாப்பிடப் போயிருப்பான் மேடம்."

"போயிருப்பான்னா? பாத்தியளா?"

அந்த அழைப்பை வைத்துவிட்டு அந்தோணியின் போனுக்கு அடித்தேன். சுவிட்ச் ஆஃப். எங்கள் பொறியாளர், அதாவது ஏ.இ. சார், திருநெல்வேலியில் ஒரு மீட்டிங்கில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். உடனே கிளம்புவதாகவும், வந்து லைனை நடந்து பார்ப்பதாகவும் சொன்னார். அதுவரை அந்தக் கைப்பிடியை யாரும் தொடப்போவதில்லை. அந்த மட்டில் எனக்குக் குழப்பம் இல்லை.

அப்போதுதான் பேச்சியம்மாளின் போன் வந்தது.

ஒத்தக்கால்

"ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்குக்கா. பாளையங்கோட்டைக்கு ஒடனே கொண்டு போகணும், அடைப்பு எடுக்கணுங்காவ டாக்டரு. இவிய ஏறமாட்டேங்காவ. மூக்குல வச்ச காத்துக் குழாயப் பிடுங்கிப் போடுதாவ. எல்.சி.யத் திருப்பாம வரமாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்காவக்கா."

"போனை அவர்ட்ட குடும்மா."

செருமல் கேட்டது. அதுவே பாதியாகத்தான் வந்தது.

"மேடம்."

"அண்ணாச்சி, நீங்க முதல்ல வண்டியில ஏறுங்க. ஏ.இ. சார் வாராரு. அவர் பாத்துக்கிடுவாரு."

"நாலு பேரு எறங்குனத நான் பாத்தேன் மேடம். அந்தோணியப் பாக்கல. இவனுக ஆளுக்கு ஒண்ணு சொல்லுதானுக. நான் போய்ட்டேன்னா நீங்க ஷிப்ட் மாறிருவிய. வாரவனுக்கு யாரு சொல்லுவா? என் பேர்லல்லா லைன் நிக்கு?"

"யாரும் போட மாட்டாங்க. நான் சொல்லுதேன்ல?"

"அந்தோணி எறங்காம நான் இங்கன இருந்து அசையமாட்டேன் மேடம்."

மூச்சு வாங்கினார். டாக்டரின் குரல் உயர்ந்தது. போன் கை மாறியது. பேச்சியம்மாள் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசியிருக்க வேண்டும், இரைச்சல் குறைந்தது.

"எக்கா, உங்களக் கும்புடுதேன். அந்த ஆளு எறங்கிட்டான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. யாரு சொன்னாலும் நம்பமாட்டாவ. நீங்க சொன்னா நம்புவாவ. நேரம் போவுதுக்கா. ஒவ்வொரு நிமிசமும் போவுதுங்காவ டாக்டரு."

அந்தப் பொய்யைச் சொல்வதில் என்ன கஷ்டம் என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வாங்காத லைனை வாங்கிக்கிட்டேன் என்று எங்கள் தொழிலில் யாரும் சொன்னதில்லை. சொல்லலாம் என்று யோசித்ததும் இல்லை. அந்த வார்த்தைக்குப் பின்னால் கரண்ட் வரும். அது ஒன்றை நம்பித்தான் ஒருவன் கம்பியை வெறுங்கையால் பிடிக்கிறான். அந்தோணி அந்த நேரம் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கட்டிலில் கிடந்தவர் எங்கே இருக்கிறார் என்று நன்றாகத் தெரியும்.

"போனை அவர்ட்ட குடு" என்றேன்.

"அண்ணாச்சி, அந்தோணி எறங்கியாச்சு. இப்பத்தான் எனக்குப் போன் பண்ணினாரு."

"நெசமாவா மேடம்?"

"நெசந்தான்."

அவர் நம்பரைச் சொன்னார். மறுபடி ஒரு தடவை சொன்னார். ஆளுக எல்லாம் எறங்கியாச்சு, எர்த் எடுத்தாச்சு என்று ஒவ்வொன்றாக, இடையிடையே நின்று, எதையும் விடாமல் சொன்னார். கடைசியில், "லைன் கிளியர் மேடம்."

"வாங்கிக்கிட்டேன்" என்றேன்.

சக்கரம் உருள்கிற சத்தம் கேட்டது. போன் கட்டாகிவிட்டது.

பொய்யின் மேல் உட்கார்ந்திருத்தல்

என் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். நான் எழுந்திருக்கவில்லை. பேனலின் பூட்டுச் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, நாற்காலியை இழுத்துச் சிவப்புத் தகரத்துக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். பொய் சொல்லியாகிவிட்டது. இனி அது யாரையும் கொல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஷிப்ட் குமாரசாமி வந்தார்.

"என்னக்கா, கிளம்பலியா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் பேனலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இப்ப எல்.சி.ய வாங்கிட்டியளா, இல்லியா?"

"வாங்குனேன். வாங்கல."

"ஏதாவது ஒண்ணச் சொல்லுங்கக்கா. எனக்குப் பயமா இருக்கு."

"வாங்கலன்னு வச்சுக்கிடும்."

அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

இரண்டு மணி தாண்டியதும் போன்கள் வரத் தொடங்கின. ரைஸ் மில் அண்ணாச்சி ஒருவர், "பேப்பர்ல ரெண்டு மணின்னுல்லா போட்டிருக்கு? நெல்லு பாதி அவிஞ்சும் அவியாமக் கெடக்கு" என்றார். தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்று ஒரு அம்மா அழுதாள். கிரிக்கெட் பார்க்கிற ஒருவர் என் வம்சத்தையே இழுத்தார். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: "லைன்ல ஆள் இருக்கு." அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அது உண்மையாகவும் இருக்கலாம் என்பதால்.

பொறியாளர் வந்து சேர்ந்து வாய்க்கால் கரையிலிருந்து கூப்பிட்டார்.

"மேடம், இசக்கிமுத்து ரிட்டர்ன் பண்ணிட்டாரா?"

"இல்ல சார்."

"சரி, நான் நடந்து பாத்துட்டுச் சொல்லுதேன்."

வெகு நேரம் தகவல் இல்லை. வெயில் தணிந்து ஜன்னல் வழியாகத் தரையில் நீண்டு கிடந்தது. கடைசியில் பொறியாளரின் நம்பரிலிருந்து போன் வந்தபோது எடுத்த உடனே ஒரு புதுக் குரல் கத்தியது. கரகரப்பான குரல், கடல் காற்றில் எட்டுப் படகுக்குக் கேட்கிற மாதிரிக் கத்திப் பழகிய குரல்.

"எல்லாவனும் என்னைய விட்டுட்டு எங்க போய்ட்டானுவ மேடம்? வேனும் இல்ல, ஆளும் இல்ல. ஏ.இ. சார் மட்டும் ஒத்தையில வரப்புல நடந்து வந்தாரு!"

அந்தோணி. இடுப்பில் கயிறும் தோளில் பெல்ட்டுமாக அப்போதுதான் வாய்க்காலைத் தாண்டி வந்திருக்கிறார். கடைசிக் கம்பத்து வேலையை முடித்துவிட்டு.

"அந்தோணி, ஒன்றரை மணிக்கு நீங்க எங்க இருந்திய?"

"போஸ்ட்லதான் மேடம். வேற எங்க? போன் சார்ஜ் இல்ல. அண்ணாச்சி வந்து பாத்துட்டு எறங்கச் சொல்லுவாவன்னு மேலயே இருந்தேன். பசிச்சுது, இப்பத்தான் எறங்குனேன்."

போனைக் குமாரசாமியிடம் கொடுத்தேன். பொறியாளர் தன் பொறுப்பில் லைனைத் திருப்பினார், குமாரசாமி வாங்கினார், அவரே கரண்டைப் போட்டார். ரைஸ் மில் அண்ணாச்சி மறுபடி கூப்பிட்டு, "இப்பவாவது போட்டியளே, ரொம்ப சந்தோசம்" என்று நக்கலாகச் சொன்னார். அதற்கும் நன்றி சொன்னேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள்

இசக்கிமுத்து பிழைத்தார். பாளையங்கோட்டையில் அன்று சாயங்காலமே அடைப்பை எடுத்துவிட்டார்கள். இன்னும் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். பேச்சியம்மாள் ஒரு தார் நாட்டுப்பழத்தோடு சப் ஸ்டேஷனுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். குமாரசாமி பழத்தைச் சாப்பிட்டார்.

போகிற போக்கில் அவள் ஒன்று சொன்னாள். அந்தோணி கருவாடு கொண்டு வந்து அண்ணாச்சியைப் பார்த்துவிட்டுப் போனாராம். அன்றைக்குச் சாயங்காலம் வரை கம்பத்திலேயே பட்டினி கிடந்ததைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாராம்.

"அண்ணாச்சி சிரிச்சாரா?"

"இல்லக்கா. எத்தன மணி வரைக்கும்னு கேட்டாவ. அவ்வளவுதான்."

ஐப்பசி மழையில் அவர் வேலைக்குத் திரும்பினார். முதல் பராமரிப்பு நாளன்று அவர் போனுக்காகக் காத்திருந்தேன். போன் வரவில்லை. வெளியே பைக் சத்தம் கேட்டது. நனைந்த துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு இசக்கிமுத்து உள்ளே வந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"எல்.சி. வேணும் மேடம்."

நம்பர் கொடுத்தேன். இரண்டு தடவை சொன்னார். சிவப்புத் தகரத்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். மதியம் மறுபடி அவ்வளவு தூரமும் வந்து, நேரில் நின்று திருப்பினார்.

ஓய்வு பெறுகிற வரை அப்படித்தான். மற்ற ஆபரேட்டர்களிடம் வழக்கம் போலப் போனில் வாங்கினார், போனில் திருப்பினார். என் ஷிப்ட்டில் மட்டும் மழையோ வெயிலோ பைக்கில் வந்தார். வந்தால் நலம் விசாரிப்பார், என் மகளைப் பற்றிக் கேட்பார், தண்ணீர் வாங்கிக் குடிப்பார். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

ஒரு நாள் தாங்காமல் கேட்டுவிட்டேன்.

"நெஞ்சுல வைத்தியம் பாத்த ஒடம்போட இம்புட்டுத் தூரம் வரணுமா அண்ணாச்சி? போன் இருக்குல்லா? என் குரல் உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம்" என்றார். "அன்னைக்கும் இந்தக் குரல்லதான் சொன்னிய."

சொல்லிவிட்டு, நான் கைப்பிடியைத் திருப்பி லைனைப் போடுகிற வரை பக்கத்திலேயே நின்றார்.